மயிலாள் அட்டையில் பெருமாள்சாமி மூஞ்சி

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பேச்சை முதலில் கிளப்பிவிட்டவன் யாரென்று தெரிந்தால், அவனைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து, ராயபுரத்தில் எங்கள் லைன் வீட்டு வாசலில் நிறுத்தி, மயிலாக்காவிடம் ஒப்படைத்துவிடுவேன். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் காசிமாயன், உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். எண்பத்தேழில் மழை பொய்த்தபோது தகரப் பெட்டியோடு வந்து இறங்கி, டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் தொடங்கி, நானே பனியன் தைக்கிற டெய்லர் ஆனவன். மயிலாக்கா எனக்கு முன்பிருந்தே அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வரும் பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் பார்த்து ஒதுக்குவது அவர் வேலை. குண்டடத்தில் பிறந்தவர், சென்னிமலை என்பவரைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்தவர். சென்னிமலை அண்ணன் பட்டன் மிஷின் ஓட்டுவார். எங்காவது சத்தம் பெரிதானால் அவருக்கு உடனே வெளிக்குப் போகவேண்டி வந்துவிடும். எல்லாம் அடங்கியபிறகு வந்து, "என்னாச்சுங்க?" என்று கேட்பார். அக்கா நேரெதிர். சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் அவர் நிற்பார்.

அவர் வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பனியன் துணி ரோல் ரோலாக வரும். ஒரே சாயத்தொட்டியில் முக்கினாலும் ரோலுக்கு ரோல் நிறம் கொஞ்சம் மாறிவிடும். அதனால் வெட்டிய கையோடு ஒவ்வொரு துண்டிலும் சின்ன நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஏழாம் நம்பர் உடம்போடு ஏழாம் நம்பர் கைதான் சேரவேண்டும். ஒட்டுகிறவர் பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரே துண்டுக்கு இரண்டு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போச்சு. அங்கிருந்து அந்தக் கட்டு முழுக்க ஒன்று தள்ளிப்போகும். உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். மற்ற செக்கிங்காரர்கள் டேமேஜ் என்று மூலையில் எறிந்துவிடுவார்கள். அக்கா எறியமாட்டார். கட்டை அவிழ்த்து வரிசையாகப் பரப்பிப் பார்த்து, "இதா, இருபத்திமூணுல நழுவியிருக்குது, பாருங்க" என்று விரலை வைப்பார்.

தொண்ணூற்றுமூன்றில் எங்கள் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. நாங்கள் வெந்துகொண்டிருந்த கட்டடத்தில் அதற்கு மட்டும் ஏ.சி. அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆயுதபூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனப்பொட்டு வைத்தார்கள். ஒருநாள் அதிலிருந்து வந்த காகிதத்தில், ஏற்றுமதிக்குக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளில் இருந்த சைஸ் எல்லாம் மாறியிருந்தது. பெட்டியில் இருப்பது மீடியம் என்று அக்கா சொன்னார். கம்ப்யூட்டர் லார்ஜ் என்கிறது என்று மேனேஜர் சொன்னார். அக்கா ஒரு பெட்டியைக் கிழித்து ஒரு பனியனை எடுத்து மேனேஜர் தோளில் வைத்துக் காட்டினார். மீடியம்தான். பெட்டியைக் கிழித்ததற்கு அக்காவைத்தான் திட்டினார்கள்.

இனி ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றொன்றுத் தேர்தலில் அக்கா ஓட்டுப்போடப் போனபோது, அவர் பேருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டிருந்தது. "உங்க ஓட்டு ஆயிருச்சேம்மா" என்றார்களாம். விரலில் மை இல்லையே என்று கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாவடிக்குள் கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர் எங்கள் வட்டச் செயலாளர் பெருமாள்சாமி. ஊரே போனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஆறு வருடம் ஏழு வருடம் காத்துக்கிடந்த காலத்தில், எம்.பி. கோட்டாவில் ஒரே மாதத்தில் லைன் வாங்கி எஸ்.டி.டி. பூத் வைத்த மனுஷன். அக்கா விரலை நீட்டிக் காட்டியபோது அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா வெறும் விரலோடு கம்பெனிக்கு வந்தார். மறுபடி எவனும் தன் ஓட்டைத் தொடக்கூடாது, அடுத்த தடவை தன் கையால்தான் குத்துவேன் என்று அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் சிரித்தேன். ஒரு ஓட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அப்போது நினைத்தவன் நான்.

அதனால்தான் தொண்ணூற்றைந்தில், போட்டோ போட்ட வாக்காளர் அட்டை வரப்போகிறது, இனிமேல் கள்ள ஓட்டே கிடையாது என்று மைக் கட்டிய ஆட்டோவில் சொல்லிப்போனபோது அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஷிப்மென்ட் நேரத்தில் ஒருநாள் லீவு போட்டார். பள்ளிக்கூடத்தில் கேமராவும் கம்ப்யூட்டருமாக வந்து இறங்கியவர்களுக்கு முன்னால் விடிந்ததும் முதல் ஆளாக நின்றார். பின்னால் சென்னிமலை அண்ணன், அதற்குப் பின்னால் எங்கள் தெரு. லேட்டாக வந்த நான் கடைசி, அறுபத்தொன்றாவது ஆள். கேமராக்காரர் வாயைத் திறப்பதற்குள் பெருமாள்சாமி வெள்ளைச் சட்டை, தோளில் கட்சித் துண்டோடு வந்து அக்காவுக்கு முன்னால் நுழைந்தார். ஒரு படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்தார். கண் மூடியிருந்தது. "இது நல்லால்ல தம்பி, இன்னொண்ணு எடுங்க" என்றார். வட்டச் செயலாளர் சொன்னால் எடுக்காமல் முடியுமா? எடுத்தார்கள். பிறகு அக்கா உட்கார்ந்தார்.

ஆறு மாதம் கழித்து அட்டைகள் வந்தன. தாலுகா ஆபீஸ் ஆள் ஒருவர் பேரைப் பேரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சைக்கிளில் ஏறிவிட்டார். அக்கா கையில் இருந்த அட்டை: மயிலாள், கணவர் பெயர் சென்னிமலை, பெண், வயது நாற்பத்திரண்டு. பக்கத்தில் மீசையும் கட்சித் துண்டுமாகப் பெருமாள்சாமி சிரித்துக்கொண்டிருந்தார்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. சென்னிமலை அண்ணன் அட்டையில் அக்கா மூஞ்சி இருந்தது. "இருந்துட்டுப் போகுதுங்க, ஊட்லயும் அந்த ஆட்சிதானுங்களே" என்றார் அண்ணன். என் அட்டையில் எதிர்வீட்டு ஆயம்மாள், ஐம்பத்தைந்து வயது, மூக்குத்தியோடு இருந்தார். மீசையை எங்கேடா வைத்தாய் என்று என்னை ஒரு வாரம் ஓட்டினார்கள்.

அதற்குப்பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய கூத்து. பனியன் கம்பெனிக்காரர்களுக்கு மாறிப்போனதை மாற்றிக்கொள்வது பழகிய வேலை. அவரவர் மூஞ்சி இருக்கிற அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டோம். அன்று சாயங்காலமே எல்லோர் கையிலும் அவரவர் முகம். பிரச்சினை தீர்ந்தது என்று டீ குடித்தோம். மூஞ்சி சரி, பேர் அடுத்தவருடையது என்பது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. என் முகம் மட்டும் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பெருமாள்சாமி மூஞ்சியோடு ஒரு அட்டை அனாதையாக மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு அக்கா தெருவின் நடுவே நின்று கத்தினார்.

"ஏனுங்க, ஓட்டுச் சாவடில சீட்டு எழுதறவன் பேரைக் கூப்புடுவானா, மூஞ்சியைக் கூப்புடுவானா? சென்னிமலைங்கற பேர்ல நான் போய் நின்னா அடிச்சுத் தொரத்த மாட்டானா? எல்லாரும் அவிங்கவிங்க பேர் போட்டதைத் திருப்பி வாங்குங்க!"

வாங்கினோம். மறுநாள் அக்கா தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே இருந்த கிளார்க், கம்ப்யூட்டரில் ஏறினது ஏறினதுதான், தப்பு உங்கள் பக்கம், நீங்கள் வரிசை மாறி நின்றிருப்பீர்கள் என்றார். மாற்றவேண்டுமானால் ஒவ்வொரு ஆளும் தனித்தனியாக வரவேண்டும், ஃபாரம் வேண்டும், புதுப் போட்டோ வேண்டும், வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். அதுவும் தேர்தல் முடிந்தபிறகு. அறுபது பேர் ஆளுக்கு இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு வரமுடியுமா, கேமராவை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குக் கொண்டுவரக்கூடாதா என்று அக்கா கேட்டார். அது சென்னைக் கம்பெனி எடுத்த கான்ட்ராக்ட், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கிளார்க் ஒரு நம்பரைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த நம்பருக்குப் போன் பண்ண, பெருமாள்சாமியின் பூத்தைவிட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. நானும் கூடப் போனேன். முதல் நாள் லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் கிடைத்தது. ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனார். பிறகு பியானோ வாசித்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் வேர்த்து ஊற்ற, மீட்டரில் சிவப்பு எண்கள் ஓட, அக்கா அந்தப் பியானோவைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு ஆண் வந்தான். சாஃப்ட்வேரில் அப்படி ஒரு தப்பு நடக்க வாய்ப்பே இல்லை மேடம் என்றான்.

"வாய்ப்பில்லைங்கறது இருக்கட்டுங்க கண்ணு. என்ற அட்டைல மீசை இருக்குது. அதுக்கென்ன சொல்றீங்க?"

லைன் அறுந்துவிட்டது. வெளியே வந்தபோது பெருமாள்சாமி பில்லை நீட்டவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏம்மா மயிலா, எதுக்கு இப்படி அலையற? உன்ற அட்டைய மட்டும் எங்கிட்டக் குடு. எம்.எல்.ஏ. லெட்டர் வாங்கி நாலே நாள்ல மாத்தித் தந்தர்றேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம்."

"என்றது மட்டும் மாறுனாப் போதுங்களா? தெருவுல இருக்கற மத்தவிங்க?"

"அவிங்கவிங்க வந்து கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

"கேக்கோணும், இல்லீங்களா? ஒவ்வொருத்தரா வந்து உங்க முன்னால நின்னு கேக்கோணும். அதுக்குத்தானுங்க இதெல்லாம். வேண்டாங்க." பில்லைத் தானே எடுத்துப் பார்த்துக் காசை வைத்துவிட்டு இறங்கினார். நாலே நாளில் கிடைக்கிறதை விட்டுவிட்டீர்களே என்று வழியெல்லாம் புலம்பினேன்.

"ஏந்தம்பி, அந்த மனுசன் எதுக்கு அவன்ற மூஞ்சி இருக்கற என்ற அட்டைய மட்டும் கேக்கறான்? அதைய ரோசனை பண்ணுனயா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் இருந்த எல்லா அட்டைகளையும் வாங்கிக்கொண்டு வந்து கயிற்றுக் கட்டிலில் பரப்பினார். அட்டையின் மூலையில் ஒரு நீள நம்பர் இருக்கும். அதன் கடைசி எண்களைப் பார்த்து வரிசைப்படுத்தினார். செக்கிங் மேசையில் துண்டுகளை அடுக்குகிற அதே கை, அதே வேகம். மூன்றாம் நம்பர் சென்னிமலையிடம் மயிலாள் முகம். நான்காம் ஆளிடம் சென்னிமலை. ஐந்தாம் ஆளிடம் நான்காம் ஆள். அப்படியே கடைசிவரை. அறுபதாம் நம்பர் ஆயம்மாளின் முகம் அறுபத்தொன்றாம் நம்பர் என்னிடம். எல்லோருக்கும் சரியாக ஒன்று தள்ளியிருந்தது. மேலே திரும்பிப் போனால் இரண்டாம் நம்பர் அக்கா. முதல் நம்பர் மட்டும் கட்டிலில் இல்லை.

"பெருமாள்சாமிக்கு ரெண்டு படம் எடுத்தாங்க தம்பி. நான் அவனுக்குப் பொறகால நின்னு கண்ணுல பாத்தேன். மொதப் படத்தைய யாரும் அழிக்கல. ஆளு ஒருத்தன், படம் ரெண்டு. மூடுன கண்ணு அவன்ற அட்டைக்குப் போயிருக்கும், தொறந்த கண்ணு எனக்கு வந்துபோட்டுது. அங்கிருந்து எல்லாத்துக்கும் நழுவிருச்சு. கடைசி ஆளு நீ. உன்ற மூஞ்சிக்கு எடமில்லாமப் போச்சு."

எத்தனை படித்தவர்கள்! ஏ.சி. ரூம், கான்ட்ராக்ட், சாஃப்ட்வேர். மூன்றாம் வகுப்போடு நின்ற ஒரு பொம்பளை கட்டிலில் போட்டுக் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்ததை, அத்தனை பேரும் சேர்ந்து நடக்கவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை எழுதித் தாலுகா ஆபீசில் கொடுத்தோம். முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதோடு சரி.

தொண்ணூற்றாறில் தேர்தல் வந்தது. எங்கள் சாவடியில் முன்பு கள்ள ஓட்டுப் புகார் இருந்ததால், இந்தத் தடவை அட்டையும் ஆளும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெருமாள்சாமியின் ஆட்கள், உங்கள் தெருவுக்கு இந்தத் தடவை ஓட்டில்லை, பேசாமல் தூங்குங்கள் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அக்கா முந்தின நாள் வீடுவீடாக ஏறி இறங்கினார். நாளைக்கு எல்லோரும் ஒன்றாக வரவேண்டும், அட்டை நம்பர் வரிசையில் நிற்கவேண்டும், ஒருவர் முந்தினாலும் கெட்டது என்று சொன்னார். வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஆனாலும் எல்லோரும் வந்தோம்.

சாவடி அதிகாரி தாராபுரத்துப் பள்ளிக்கூட வாத்தியார். பாவம், நல்ல மனுஷன், வேர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து பெஞ்சில் கட்சி ஏஜென்டுகள், பெருமாள்சாமி முதலில். அக்கா அட்டையை நீட்டினார். கதவருகில் வரிசையில் நின்ற எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"என்னம்மா இது, மீசை இருக்குதே?"

"ஆமாங்க சார். மீசைக்காரர் உங்க பக்கத்துலயேதானுங்க உக்காந்திருக்கார்."

அதிகாரி அட்டையைப் பார்த்தார். திரும்பிப் பெருமாள்சாமியைப் பார்த்தார். மற்ற ஏஜென்டுகள் சிரித்துவிட்டார்கள். பெருமாள்சாமி எழுந்துவிட்டார்.

"சார், நான் ஆட்சேபணை பண்றனுங்க. அட்டைக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இவிங்க மயிலாள் இல்லீங்க!"

"நான் மயிலாள் இல்லீன்னா, இந்த அட்டைப்படி நீங்கதானுங்க மயிலாள்" என்றார் அக்கா. "வாங்க, வந்து கைய நீட்டுங்க, மை வெக்கட்டும்."

வரிசை முழுக்கச் சிரிப்பு. போலீஸ்காரர்கூடத் தொப்பியை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா சிரிக்கவே இல்லை.

"சார், அவரு அட்டைய ஒருக்கா வாங்கிப் பாருங்க."

பெருமாள்சாமி, அட்டை வீட்டில் இருக்கிறது என்றார். காலையில் அதைக் காட்டித்தானே உள்ளே வந்தீர் என்று எதிர்க்கட்சி ஏஜென்ட் எடுத்துக்கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது. அதே வெள்ளைச் சட்டை, அதே துண்டு, பின்னால் அதே கரும்பலகை. கண் மட்டும் மூடியிருந்தது. அதிகாரி இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்கா விஷயத்தைச் சொன்னார். நம்பாவிட்டால் தனக்கு அடுத்து நிற்கிறவர் அட்டையைப் பார்க்கச் சொன்னார். அடுத்து நின்றது சென்னிமலை அண்ணன். முகம் வெளுத்திருந்தாலும் அந்த இடத்தைவிட்டு நகராமல் நின்றிருந்தார். அவர் நீட்டிய அட்டையில் அக்கா.

"கம்ப்யூட்டர்ல எப்படிம்மா இப்படி ஆகும்?" என்றார் அதிகாரி.

"கம்ப்யூட்டரு கெடக்குதுங்க சார். நான் ஆளு வந்து உங்க முன்னால நிக்கறனுங்களா, இல்லீங்களா?"

அதிகாரி கதவருகில் நின்ற எங்கள் வரிசையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மயிலாள் பேருக்கு நேரே கோடு போட்டார். மை வைத்தார்கள். சட்டசபைக்கு ஒன்று, பார்லிமென்ட்டுக்கு ஒன்று என இரண்டு ஓட்டுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு அக்கா ஓட்டுக் குத்துகிற மறைப்புக்குப் பின்னால் போனார். ஐந்து வருடமாகக் காத்திருந்தவர், அவசரப்படவில்லை. பெருமாள்சாமி மணி பார்த்தார்.

அதற்குப்பிறகு ஒவ்வொரு ஆளாக, முன்னால் போனவர் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். முன்னால் போனவர் ஓரமாக ஒரு நிமிஷம் நின்று, ஆமாம் சார், அது நான்தான் என்று காட்டிவிட்டு வெளியேறினார். கடைசியில் நான். என் முகம் எங்கேயும் இல்லாதவன். பெருமாள்சாமிக்கு மறுபடி உயிர் வந்தது.

"சார், இவன் மதுரைப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவனுங்க. இவனுக்கு ஒரு அத்தாட்சியும் கெடையாதுங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்பது வருடமாக இந்த ஊர் பனியனைத் தைத்தவன். ரேஷன் கார்டு கேட்டால் சொந்த ஊருக்குப் போ என்பார்கள்; போன் கேட்டால், கேஸ் சிலிண்டர் கேட்டால், யார் நீ என்பார்கள். சரி, போகிறேன் என்று திரும்பக்கூட நினைத்தேன். அப்போது ஆயம்மாள் ஓரத்திலிருந்து நகராமல் சொன்னார்: "சாமி, இந்தத் தம்பி கைல இருக்கற மூஞ்சி என்றதுங்க. எனக்கடுத்த நெம்பர் அவனுதுங்க."

"இவருக்கு முன்னால போன எல்லாருக்கும் சரியா வந்துருச்சு" என்றார் அதிகாரி, பெருமாள்சாமியைப் பார்க்காமல். "இவருக்கு மட்டும் எப்படி மாறும்? ஏஜென்ட் சார், நீங்க உக்காருங்க."

எனக்கு மை வைத்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரு ஓட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சிரித்தவன்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அழுதேன்.

வெளியே டீக்கடையில் தெரு முழுக்க நின்றிருந்தது. கொஞ்சநேரத்தில் பெருமாள்சாமியும் டீ குடிக்க வந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போகத்தான் நினைத்திருப்பார், முடியவில்லை. நேராக அக்காவிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி இருந்தது.

"இத்தனை கூத்தும் பண்ணி, கடைசில யாருக்கும்மா போட்ட?"

எங்களுக்கும் அது தெரியவேண்டியிருந்தது. சென்னிமலை அண்ணனே டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

"அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றார் மயிலாக்கா. "நான் போட்டனுங்க. அதைய மட்டும் தெரிஞ்சுக்குங்க."